அடைக்கலம் வந்த பூனை

பெங்களூரு நகர ரயில் நிலையத்துக்கு அருகே, இருப்புப்பாதைகளை ஒட்டி அமைந்திருக்கிறது ஒக்கலிபுரம். நெசவாலைகளிலும் ரயில்வேயிலும் வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். இரவில் ரயில் வண்டியின் ஊதல் கேட்டு அங்கே யாரும் விழித்துக்கொள்வதில்லை. அது பழகிப்போன ஓசை.

அத்தகைய தெரு ஒன்றில் ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்வோம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். பள்ளியில் படிக்கும் மகள். காது மந்தமாகிவிட்ட பாட்டி. மகள் ஆசைப்பட்டாள் என்பதற்காக, நீலக் கண்களும் கருமையான காதுகளும் கொண்ட சயாமியப் பூனைக்குட்டி ஒன்றை விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஓராண்டு கழிகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு அந்தப் பூனை கத்தத் தொடங்குகிறது. கதவருகே நின்று கத்துகிறது. தட்டில் உணவிருந்தும் கத்துகிறது. ஆள் வீட்டிலிருந்தால் முகத்தைப் பார்த்துக் கத்துகிறது, வெளியே சென்றால் இல்லையென்று கத்துகிறது. அடுத்த வீட்டில் கைக்குழந்தை. எதிர் வீட்டில் இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவர். முதலில் ஜாடையாகச் சொன்னவர்கள் பிறகு நேரிடையாகவே சொல்லிவிடுகிறார்கள். ‘யாரிடமாவது கொடுத்துவிடலாமா?’ என்ற பேச்சு அந்த வீட்டில் எழுகிறது.

இது ஒரு தர்ம சங்கடமா என்று சிலர் கேட்கலாம். குருக்ஷேத்திரத்தில் எழுந்த கேள்விகளுடன் ஒரு பூனையின் கத்தலை ஒப்பிடுவது நகைப்புக்குரியதாகவும் தோன்றலாம். ஆனால் பெரும்பாலான மனிதர்களுக்கு வாழ்நாளில் குருக்ஷேத்திரம் வாய்ப்பதில்லை. ஒன்றை ஏற்றுக்கொண்டபின் அது சுமையாகும்போது என்ன செய்கிறோம் என்ற சோதனை, இத்தகைய சிறு உருவங்களில்தான் வீட்டுக்குள் வந்து நிற்கிறது.

யாரை நோக்கிய குரல்?

ரயிலின் ஊதலுக்கு உறங்குகிறவர்கள் பூனையின் குரலுக்கு விழித்துக்கொள்வது ஏன்? பூனையின் குரல் அதிக உரத்தது என்பதால் அன்று. ரயில் எவரையும் அழைப்பதில்லை, பூனை அழைக்கிறது.

பூனைகளின் ஒலிகளை ஆராய்ந்தவர்கள் வியப்பான செய்தி ஒன்றைக் கூறுகிறார்கள். குட்டிகள் தாயை நோக்கி ‘மியாவ்’ என்று கத்தும். வளர்ந்த பூனைகளோ தமக்குள் அவ்வாறு பேசிக்கொள்வது அரிது. உறுமும், சீறும், உடலை உரசும், வாலை அசைக்கும். வளர்ந்த பின்னும் ‘மியாவ்’ என்ற குரலைப் பூனை பயன்படுத்துவது பெரும்பாலும் மனிதனிடம்தான். 2009-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் மெக்கோம்ப் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. உணவு கேட்கும்போது சில பூனைகள் எழுப்பும் முரலொலிக்குள், குழந்தையின் அழுகையை நினைவூட்டும் உயர்ந்த சுருதி ஒன்று கலந்திருக்கிறது; கேட்பவரால் அதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடிவதில்லை. ஆகவே ‘இது வெறும் சத்தம்’ என்று சொல்வது பொருந்தாது. அது விளி. யாரை விளிக்கிறதோ அவரே அதைத் தொல்லை என்கிறார்.

சயாமியப் பூனைக்கு இந்தக் குரல் மற்றப் பூனைகளைவிட அதிகம். தாழ்ந்த சுருதியில் நீண்டு ஒலிப்பது. தாய்லாந்தில் அதற்கு விச்சியன்மாட் என்று பெயர். அந்நாட்டின் பழைய பூனைச் சுவடிகளில் அது இடம்பெற்றிருக்கிறது. 1878-இல் பாங்காக்கிலிருந்த அமெரிக்கத் தூதர் டேவிட் சிக்கெல்ஸ், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹேஸின் மனைவி லூசிக்குச் சயாமியப் பூனை ஒன்றைப் பரிசாகக் கப்பலேற்றினார். கடல் கடந்து வந்து சேர்ந்த அந்தப் பூனை 1879-ஆம் ஆண்டு முடியும் முன்பே நோயுற்று இறந்தது. 1884-இல் பிரிட்டிஷ் தூதர் கோல்ட் ஓர் இணையை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அவற்றின் குட்டிகள் மறு ஆண்டே லண்டன் கண்காட்சியில் பரிசு பெற்றன. அதன்பின் அவற்றின் லட்சணங்கள் எழுத்தில் வகுக்கப்பட்டன. அந்நாளைய சயாமியப் பூனைகள் பலவற்றுக்கு மாறுகண்ணும் முறுக்கிய வாலும் இருந்தன. அவை குறைகளாகக் கருதப்பட்டு, தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதன் மூலம் பெரும்பாலும் நீக்கப்பட்டன. குட்டி வெண்ணிறமாகவே பிறக்கும். உடலில் குளிர்ச்சியான பாகங்களான காது, முகம், பாதம், வால் ஆகியவை மட்டும் பிறகு கருக்கும். இந்த அழகையும் மனிதன் விரும்பிப் பேணினான். குரல் அழகுடன் கூடவே வந்தது.

கண்ணுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கி, அதை விலைக்கு விற்று, விலைக்கு வாங்கி, வீட்டில் வைத்துக்கொண்டு, ‘இது ஏன் கத்துகிறது?’ என்று கேட்பது, மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதைதான். வாங்குவதற்கு முன் பார்த்த புகைப்படத்தில் ஒலி இருப்பதில்லை. சயாமியப் பூனை கத்தும் என்பது ரகசியமும் இல்லை. கேட்டிருந்தால் எவரும் சொல்லியிருப்பார்கள்.

இதில் குடும்பத்தைப் பழிப்பதற்கில்லை. ஆராயாமல் ஏற்பது மனித இயல்பு. ஆனால் ஆராயாமல் ஏற்றவர்கள் ஆராயாமலே கைவிடவும் முற்படும்போது, ஒரு பிழை இரண்டாகிறது. எனவே முதற் கடமை, அது ஏன் கத்துகிறது என்று அறிவது. கருத்தடை செய்யப்படாத பெண் பூனை, இணை தேடும் பருவத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நாள் கணக்கில் கதறும். அறுவை சிகிச்சைக்குப் பின் அது அடங்கிவிடும். ஆண் பூனை மணல் தட்டில் நின்று முக்கியபடி கத்தினால் சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாள் தாமதம்கூட உயிரைப் பறிக்கும். வயதான பூனை இரவில் ஓலமிட்டால் தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்த அழுத்தம், செவிட்டுத்தன்மை, நினைவுத் தடுமாற்றம் எனக் காரணங்கள் பல. நோய் எதுவும் இல்லையென்றால் தனிமையாக இருக்கலாம். நாளெல்லாம் பூட்டிய வீட்டில், கூட்டத்தை விரும்பும் ஒரு ஜீவன் என்ன செய்யும்? கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் ஒரு பூனையைப் பிறருக்குக் கொடுப்பது, அதன் நோயையும் வலியையும் சேர்த்து இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதாகும். நீதிபதி சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுவதில்லை. இங்கே சாட்சி தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறது, மொழிதான் புரியவில்லை.

பரதனும் தர்மபுத்திரரும்

இக்கேள்விக்கு நமது இதிகாச புராணங்களில் விடை தேடினால், ஒன்றுக்கொன்று முரணானவைபோல் தோன்றும் இரண்டு சரிதங்கள் முன்வருகின்றன.

முதலாவது பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்திலுள்ள பரத மகாராஜாவின் சரிதம். அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் செய்த பரதன், சிங்கத்தின் கர்ஜனைக்கு அஞ்சித் தாவிய மானின் வயிற்றிலிருந்து வெள்ளத்தில் விழுந்த குட்டியைக் காப்பாற்றினான். அதை வளர்த்தான். அதன் நினைவிலேயே தவத்தை மறந்தான். அதன் நினைவிலேயே உயிர் துறந்தான். மறுபிறவியில் மானாகப் பிறந்தான். இந்தச் சரிதத்தை எடுத்துக்காட்டி, ‘பார்த்தீர்களா, பிராணிகளிடம் பற்று வைத்தால் இதுதான் கதி’ என்று சொல்பவர்கள் உண்டு. பூனையை அனுப்பிவிட விரும்புபவருக்கு இது வசதியான மேற்கோள்.

சற்றே நிதானிக்க வேண்டும். வெள்ளத்தில் விழுந்த குட்டியைப் பரதன் தூக்கியதைப் பாகவதம் குறை கூறவில்லை. காப்பாற்றிய கருணை, ‘என்னுடையது’ என்ற மமகாரமாக மாறியதே வீழ்ச்சி. அதைவிட முக்கியமானது, பற்றை விடுவதும் எரிச்சலால் உதறுவதும் ஒன்றல்ல என்பது. கீதை விருப்பு, வெறுப்பு இரண்டையுமே தளைகளாகக் காண்கிறது. உறக்கம் கெட்டதால் பூனையை அனுப்புபவர் பற்றிலிருந்து விடுபடவில்லை. தம் உறக்கத்தின்மீதுள்ள பற்றுக்காகப் பூனையின்மீது வெறுப்பை வளர்த்துக்கொண்டிருக்கிறார். அதற்கு வைராக்கியம் என்று பெயர் சூட்டுவது, மாமல்லபுரத்துப் பாறையில் நின்று தவம் புரிகிறதே ஒரு பூனை, அதன் தவத்துக்கு ஒப்பாகும்.

இரண்டாவது, மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பர்வம். இமயத்தை நோக்கி நடந்த பாண்டவர்களின் பின்னால் ஒரு நாய் வந்தது. திரௌபதியும் நான்கு தம்பியரும் வழியில் ஒவ்வொருவராக வீழ்ந்தனர். எஞ்சியவர் யுதிஷ்டிரர், எஞ்சியது நாய். இந்திரன் தேருடன் வந்து அழைத்தபோது, நாயை விட்டுவிட்டு ஏற யுதிஷ்டிரர் மறுத்தார். அந்த நாயை அவர் விலைக்கு வாங்கவில்லை, வளர்க்கவும் இல்லை. அது வந்தது, உடன் வந்தது, அவ்வளவே. அண்டி வந்ததைக் கைவிடுவது மகாபாதகம் என்பது அவரது நிலை. இந்திரன் விடவில்லை. மனைவியையும் தம்பியரையும் வழியில் விட்டுவிட்டு வந்தவருக்கு நாய்மீது மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டான். கூர்மையான கேள்விதான். யுதிஷ்டிரரின் பதில் அதைவிடக் கூர்மையானது. இறந்தவர்களை மீட்க அவரால் இயலாது. ஆகவே அங்கே பிரிவு நேர்ந்தது. உயிரோடிருக்கையில் அவர்களில் ஒருவரையும் அவர் விடவில்லை. நாய் உயிரோடிருக்கிறது.

இரண்டு சரிதங்களையும் சேர்த்து வாசித்தால் முரண் மறைந்து ஒரு கேள்வி மட்டும் எஞ்சுகிறது. கைவிடுதல் வேறு, கைமாற்றுதல் வேறு. எந்த இடத்தில் இரண்டாவது முதலாவதாகிவிடுகிறது?

தட்சிணேசுவரத்தில் நடந்தது

இதற்கு நூல்களைத் தேட வேண்டியதில்லை. பூனையை வேறு வீட்டுக்கு அனுப்பிய உண்மை நிகழ்ச்சி ஒன்றே இருக்கிறது.

1880-களில் தட்சிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணரின் அறைக்கு ஒரு பூனை மூன்று குட்டிகளுடன் வந்து சேர்ந்தது. சில வேளைகளில் அவரது கட்டிலில் காலடியில் படுத்துக்கொள்ளும். கோயில் வளாகத்தில் அதற்குத் தகுந்த உணவு கிடைக்கவில்லை என்பது அவருக்குக் கவலையாக இருந்தது. நவகோபால் கோஷ் என்ற இல்லற பக்தரின் மனைவி நிஸ்தாரிணி தேவி தரிசனத்துக்கு வந்தபோது, தமக்கு ஓர் உதவி செய்ய முடியுமா என்று அவர் கேட்டார். என்னவென்று அறியும் முன்பே அந்த அம்மையார் சம்மதித்தார். அவர் மீண்டும் ஒருமுறை கேட்டார். அம்மையாரும் மீண்டும் சம்மதித்தார். அதன்பிறகே பூனைகளைப் பற்றிச் சொன்னார். அவை தம்மிடம் அடைக்கலம் புகுந்தவை என்பதையும், நன்றாகக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் வலியுறுத்தி ஒப்படைத்தார்.

அத்துடன் முடியவில்லை. அந்த அம்மையார் தட்சிணேசுவரம் வரும்போதெல்லாம் பூனைகளைப் பற்றி விரிவாக விசாரித்தார். சரியாக உணவு கிடைக்கிறதா? குட்டிகள் வளர்ந்துவிட்டனவா? அவற்றை என்ன செய்வதாக எண்ணம்? குட்டிகளை யாருக்கேனும் கொடுப்பதானால், அவர் அன்புடன் பேணுபவர்தானா என்று உறுதி செய்துகொண்டு கொடுக்கும்படியும் கூறினார்.

சமாதி நிலைகளிலும் பக்தர்கள் கூட்டத்திலும் மூழ்கியிருந்த ஒருவர் இதற்கு நேரம் ஒதுக்கினார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்நிகழ்ச்சியின் நுட்பங்கள் கவனத்துக்குரியவை. பூனையை அனுப்பக் காரணம், பூனையின் நலன். அனுப்பிய இடம், பார்த்துக்கொள்ளக்கூடிய இடம். ஏற்பவரிடம் இருமுறை கேட்டதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. மரியாதைக்காகச் சொல்லும் ‘ஆகட்டும்’ போதாது. இவை எல்லாவற்றையும்விட, பூனை வாசற்படியைத் தாண்டியபின் பொறுப்பு தாண்டவில்லை. கைமாற்றுதல் கைவிடுதலாக மாறும் இடம் இதுதான்: விசாரிப்பு நின்றுபோகும் இடம்.

இதற்கு மறுதலையாக இன்னொரு நிகழ்ச்சி. பேலூர் மடத்தில் சுவாமி விவேகானந்தர் தமது இறுதி ஆண்டுகளில் வளர்த்த பிராணிகளுள் பாகா என்ற நாயும் ஒன்று. ஏதோ குறும்பு செய்ததற்காக ஒருமுறை அதைக் கங்கையின் அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். மாலையில் அது பயணிகளின் படகில் தானே ஏறிக்கொண்டது; இறக்கிவிட முயன்றவர்களைப் பார்த்து உறுமியது; திரும்பி வந்து இரவெல்லாம் பதுங்கியிருந்தது. அதிகாலையில் குளிக்க வந்த சுவாமிஜியின் காலில் அது தட்டுப்பட்டது. அவர் தட்டிக்கொடுத்தார். இனி அது என்ன செய்தாலும் வெளியேற்றக் கூடாது என்று மடத்தினருக்குச் சொல்லிவிட்டார். அனுப்புவது முடிவாகிவிட்டதென்று மனிதர்கள் எண்ணியிருந்தார்கள். நாயை யாரும் கேட்டிருக்கவில்லை.

திருவண்ணாமலையிலும் ஏறத்தாழ இதே கேள்வி எழுந்ததுண்டு. 1947-இல் ரமணாசிரமத்துக்குப் பரோடா மகாராணியிடமிருந்து வெள்ளை மயில் ஒன்று பரிசாக வந்தது. ஏற்கெனவே இங்கே மயில்கள் இருக்கின்றன, வேறு இனமான இதனுடன் அவை சண்டையிடக்கூடும், பூனைகளிடமிருந்தும் இதைக் காக்க வேண்டும், இதன் இடத்துக்கே அனுப்பிவிடலாமே என்பது ரமண மகரிஷியின் முதற் கருத்து. அரிய இனம், அரச பரிசு என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டாக இல்லை. கொண்டுவந்தவர் விட்டுச் சென்றுவிட்டார். அதன்பின் அதைப் பேண ஏற்பாடு செய்யப்பட்டது. எங்கோ ஓடிப்போன அதைப் பிடித்து வந்தபோது, மகரிஷி அதன் கழுத்தைத் தடவி, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார். ஏற்பதற்கு முன் தயங்கினார், ஏற்றபின் தயங்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

இனி ஒக்கலிபுரத்து வீட்டுக்குத் திரும்பலாம். அங்கே கொடுக்க நினைப்பது பூனையின் நலனுக்காக அன்று, உறக்கத்துக்காக. அது தவறா? அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1789-இல் வெளியான தமது நூலின் ஓர் அடிக்குறிப்பில் ஜெரமி பெந்தாம், ஒரு பிராணியை நடத்தும் விதத்தில் கேட்க வேண்டியது அது துன்பத்தை உணருமா என்பதே என்று வாதிட்டார். அந்த அளவுகோலின்படி பூனையின் துன்பத்துடன் கைக்குழந்தையின் துன்பமும், இரவுப் பணியாளரின் துன்பமும் தராசில் ஏறும். அண்டை வீட்டாரின் உறக்கம் அற்பமானது அல்ல. எனினும் தராசின் இரு தட்டுகளும் ஒரே வகையானவை அல்ல. மனிதர்கள் பேசலாம், சமரசம் செய்துகொள்ளலாம், ஜன்னலை அடைக்கலாம். பூனைக்கு இருக்கும் ஒரே முறையீடு அதன் குரல். அதன்மீதான குற்றச்சாட்டும் அந்தக் குரலே.

இம்மானுவேல் கான்ட் மனிதனுக்குப் பிராணிகளிடம் நேரடிக் கடமை இல்லை என்று கருதியவர். வேதாந்தம் இதை ஏற்காது. உபநிடதங்களைப் போற்றிய ஷோபன்ஹவரும் ஏற்கவில்லை. தம் நாய்க்கு ‘ஆத்மா’ என்று பெயரிட்டு அழைத்தவர் அவர். ஆனால் கான்ட் சொன்ன ஒன்றை ஒதுக்க முடியாது: நீண்டகாலம் உழைத்த நாயைப் பயனற்றுப் போனதென்று கொல்பவன், தன்னுள் இருக்கும் மனிதத்தன்மையைச் சிதைத்துக்கொள்கிறான். அந்த வீட்டில் மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அழகாக இருந்தவரை வைத்திருந்தார்கள், தொல்லை கொடுத்தபோது அனுப்பிவிட்டார்கள் என்று அவள் கற்றுக்கொண்டால், அந்தப் பாடம் பூனையோடு நிற்காது. பாட்டியும் முதுமையில் ஒருநாள் இரவில் காரணமின்றி அழைக்கத் தொடங்கக்கூடும். இப்போதைக்கு அந்த வீட்டில் பூனையின் கத்தலால் பாதிக்கப்படாதவர் பாட்டி ஒருவரே. அது பகலில் உறங்குவதும் அவரது காலடியில்தான். முடிவெடுக்கும் பேச்சில் அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே வைத்துக்கொள்வதே எப்போதும் அறம் என்று முடிவு கட்டலாமா? அதுவும் சரியன்று. கொடுக்கவில்லை என்ற பெயருக்காக, பூனையைக் குளியலறையில் பூட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள்; கத்தும்போதெல்லாம் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே பூனை வீட்டில் இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே கைவிடப்பட்டிருக்கிறது. மருத்துவம் பார்த்தாயிற்று, கருத்தடை செய்தாயிற்று, படுக்கும் முன் விளையாட்டும் உணவும் கொடுத்துப் பார்த்தாயிற்று, துணைக்கு ஆள் வைக்கவும் வழியில்லை, பத்து மணி நேரம் தனிமை தவிர்க்க முடியாதது என்றால், ஆள் நடமாட்டமுள்ள இன்னொரு வீட்டைத் தேடுவது கருணையே. அப்போது அதன் குரலைப் பற்றிய உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பூனை வீடு வீடாக மாறும். குட்டி ஈன்று விற்பதற்காக உயர் ரகப் பூனையை நாடி வருபவரிடம், எத்தனை இனிமையாகப் பேசினாலும், கொடுக்கலாகாது. ஒத்துவரவில்லையென்றால் திரும்ப ஏற்கவும் தயாராக இருக்க வேண்டும். பெங்களூரில் 1991-இல் கிரிஸ்டல் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தமது முதிய வயதில் தொடங்கிய ‘கூபா’ போன்ற பிராணி நல அமைப்புகள், தத்தெடுக்க வருபவர்களை விசாரித்துக் கொடுப்பதை ஒரு தொண்டாகவே செய்துவருகின்றன.

தெருவிலோ சந்தையிலோ விட்டுவிடுவது இந்த விவாதத்துக்குள்ளேயே வராது. பசி தாகத்தால் வருந்தும் நிலையில் பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதை 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. அச்சட்டத்தில் முதல் குற்றத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு பூனைக்குட்டியின் விலையுடன் இத்தொகையை ஒப்பிட்டுப் பார்த்தால், இதில் சட்டத்தை நம்பி இருக்க முடியாது என்பது விளங்கும்.

நிஸ்தாரிணி தேவி அந்தப் பூனையைத் தம் இல்லத்தில் கடைசிவரை வைத்திருந்தார். பின்னர் ஒருநாள் அது திடீரென்று நோயுற்றது. உயிர் பிரியும் தறுவாயில் அவர் அருகில் அமர்ந்து, அதன் வாயில் கங்கை நீரை ஊற்றி, அதை ஒப்படைத்தவரின் திருநாமத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.